இனிமே வெயிட்டே தூக்காதீங்க!

நாற்பதைத் தாண்டி, தோளிலோ இடுப்பிலோ முட்டியிலோ ஒரு தடவை அடிபட்டவர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியம் இலவசமாகக் கிடைத்திருக்கும். சென்னையில் தமிழில், டெல்லியில் இந்தியில், நான் குப்பை கொட்டும் புனேயில் மராத்தியில் "வஜன் உசலு நகா". டாக்டர் சொல்வார். அவர் சொல்லாவிட்டால் லிஃப்டில் கூட வரும் நாலாவது மாடி மாமா சொல்வார். அவரும் விட்டுவிட்டால் ஊரிலிருந்து பெரியப்பா போன் போட்டுச் சொல்வார். எத்தனை நாளைக்குத் தூக்கக் கூடாது என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. ஆறு வாரமா, ஆறு மாசமா, ஆயுசுக்குமா? கேட்டால், "எதுக்கு சார் ரிஸ்க்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு பலமான ஆட்சேபம் உண்டு. நான் டாக்டரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பொட்டி தட்டும் ஜாதி. இரண்டு தடவை அடிபட்டு, இரண்டு தடவை நின்று, இரண்டு தடவையும் திரும்பி வந்தவன் என்கிற ஒரே தகுதியில் பேசுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த கடைக்குப் போகலாம் :-)

வெயிட் தூக்காமல் இருப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோவுக்கு மேல். ஊருக்குப் போய்த் திரும்பும்போது இட்லி அரிசி, புளி, நல்லெண்ணெய், வடாம், நாலு தேங்காய் என்று கட்டிக்கொண்டு வருகிற பை 25 கிலோவுக்குக் குறைந்ததாகச் சரித்திரமே இல்லை. அதைப் படிக்கட்டில் தூக்கி, சீட்டுக்கு அடியில் தள்ளி, புனே ஸ்டேஷனில் வண்டி கிளம்புவதற்குள் இறக்கி... டாக்டர் தடை போட்டது இதற்கெல்லாமா? கிடையாது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் டம்பெல்லுக்கு மட்டும்தான். பழக்கிக்கொண்டு தூக்குவது நின்று போகிறது. பழக்கமே இல்லாமல் தூக்குவது தொடர்கிறது. எது ரிஸ்க்கு, நீங்களே சொல்லுங்கள்.

வெளியூரில் இருக்கும் நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஊரில் என்றால் ஒரு குரல் கொடுத்தால் மச்சான் வருவான், சித்தப்பா பையன் வருவான், எதிர் வீட்டுத் தம்பி வந்து சிலிண்டரை மாட்டிவிட்டு காபி குடித்துவிட்டுப் போவான். இங்கே நான், தங்கமணி, பத்தாவது படிக்கும் பையன், மூன்று பேர்தான். எனக்கு இடுப்பு பிடித்து மூன்று நாள் படுத்தால் வீடே நின்று விடுகிறது. அப்பா அம்மா வந்து தங்கியிருக்கும்போது ராத்திரி பாத்ரூமில் அவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்தால் தூக்கி நிறுத்த வேண்டியவன் நான்தான். அன்றைக்குப் போய் "டாக்டர் வெயிட் தூக்க வேண்டாம்னார்" என்று யாரிடம் சொல்ல? ஆகவே இது சிக்ஸ்பேக் சமாச்சாரம் இல்லை. அந்த ஆசையெல்லாம் எப்போதோ மூட்டை கட்டியாச்சு.

என் கதையை இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். 2019 மழைக்காலத்தில், நின்றிருந்த என் வண்டியைப் பின்னால் வந்தவர் இடித்ததில் வலது தோள் போச்சு. அது சரியாகி வீட்டிலேயே எடைப்பயிற்சி சூடு பிடித்து வந்தபோது, 2022-ல் ஒரு காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கும் மேல் இரும்பைத் தொடவில்லை.

இரண்டாவது தடவை போன பிசியோதெரபி மையத்தில் (பெயர் வேண்டாம், இந்த மாதிரி மையம் உங்கள் தெருவிலும் இருக்கும்) பத்து நாள் பேக்கேஜ். தினமும் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பில் நாலு பட்டை ஒட்டி, விர்ர்ரென்று கரண்ட் விட்டார்கள். அப்புறம் ஜெல்லி தடவி அல்ட்ராசவுண்ட். கிளம்பும்போது இடுப்புக்கு ஒரு பெல்ட், அதற்குத் தனி பில். பத்து நாளில் ஒரு பயிற்சி சொல்லித் தரவில்லை. பத்தாவது நாள் "வலி போயிடுச்சா? நல்லது. இனிமே வெயிட்டே தூக்காதீங்க." சுபம்.

பிரிட்டனில் நைஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எந்த சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று அலசி டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதுவது அதன் வேலை. 2016-ல் வந்த அதன் முதுகுவலி வழிகாட்டியில் இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்ட் கொடுக்காதே, இந்த விர்ர் கரண்ட் கொடுக்காதே, இழுவை வைத்தியம் வேண்டாம், பெல்ட் வேண்டாம் என்று வரிசையாக இருக்கிறது. படித்தபோது என் பில்லை யாரோ வரி வரியாக அடித்துத் திருத்தின மாதிரி இருந்தது. அந்த வழிகாட்டி பரிந்துரைப்பது உடற்பயிற்சியை. நான் காசு கொடுத்து வாங்கிய பேக்கேஜில் இல்லாத ஒரே ஐட்டம் அதுதான். எல்லா பிசியோக்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பிறகு எனக்குக் கிடைத்த ஓர் அம்மணி முதல் நாளே 2 கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து "தூக்குங்க, நான் பார்க்கிறேன்" என்றார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பயத்துக்கு இன்னொரு மூலகாரணம் எம்ஆர்ஐ ரிப்போர்ட். "டிஸ்க் பல்ஜ்", "தேய்மானம்" என்று அதில் நாலு வார்த்தையைப் பார்த்ததும் நம் ஆட்கள் முதுகெலும்பே அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து சேர்த்துப் பார்த்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. வலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 பேருக்கு டிஸ்க் பல்ஜ். 20 வயதுப் பிள்ளைகளிலேயே 37 பேருக்குத் தேய்மானம். நரை மாதிரிதான் இதுவும், வயசானால் வரும். ரிப்போர்ட்டில் இருப்பதும் உங்களுக்கு வலிப்பதும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லா ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடுங்கள் என்று அர்த்தமில்லை. அதை டாக்டரிடம் கொடுத்து "என் வலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை நம்மில் யாரும் கேட்பதே இல்லை.

ஓய்வு பற்றியும் சொல்லியாக வேண்டும். 1995-ல் ஹெல்சிங்கியில், திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்ட நகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்று கும்பலாகப் பிரித்தார்கள். ஒரு கும்பலுக்கு இரண்டு நாள் படுக்கை, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவதுக்கு "முடிந்தவரை வழக்கமான வேலையைப் பாருங்கள்". மூன்றாவது கும்பல்தான் சீக்கிரம் தேறியது. படுத்தவர்கள் கடைசி. பயிற்சி செய்தவர்கள்கூட வழக்கமான வேலை பார்த்தவர்களுக்குப் பின்னால்தான். அதாவது பிடித்துக்கொண்ட அந்த முதல் சில நாளில் படுக்கவும் வேண்டாம், வீரமும் வேண்டாம். நடந்து, காய்கறி நறுக்கி, ஆபீஸ் போய் வந்தால் போதும். பயிற்சியின் முறை அதற்கப்புறம்தான்.

சும்மா இருந்தால் என்ன போகிறது என்பதற்குக் கோபன்ஹேகனில் 2015-ல் வெளிவந்த ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்களின் ஒரு காலை இரண்டு வாரம் அசையாமல் கட்டி வைத்தார்கள். இளைஞர்களுக்கு அந்தக் காலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போயிற்று, வயதானவர்களுக்கு நாலில் ஒரு பங்கு. பிறகு ஆறு வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். சதை திரும்பி வந்தது, பலம் முழுசாகத் திரும்பவில்லை. இரண்டு வாரச் சோம்பலுக்கு ஆறு வார சைக்கிள் போதவில்லை என்றால், என் இரண்டு வருஷத்துக்கு? "தினம் வாக்கிங் போறேனே" என்று சொல்லும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாக்கிங் நல்லதுதான், ஆனால் எடைப்பயிற்சியின் வேலையை அது செய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான நடமாட்டம் என்று ஒரு வரியும், வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று தனியாக இன்னொரு வரியும் இருக்கிறது. நம் ஆட்கள் முதல் வரியோடு பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இதுவரை பயந்தாங்கொள்ளிகளுக்கு. இனி எதிர் கோஷ்டி.

"நான் அப்பவே 60 கிலோ அடிச்சவன்" என்று ஆரம்பிப்பவர்கள் இவர்கள். புது வருஷம் பிறந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து டம்பெல்லை இழுத்து, தூசி தட்டி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். மூன்றாம் நாள் கை தூக்கிச் சட்டை போட முடியாது. மாசக் கடைசியில் அதே பிசியோ, அதே பேக்கேஜ், அதே பெல்ட். உடனே ஊர் சொல்லும், "பார்த்தியா, வெயிட் தூக்கினா இப்படித்தான் ஆகும்." பயந்தாங்கொள்ளிக் கட்சிக்கு ஆள் சேர்த்து விடுவதே இந்த வீரர்கள்தான்.

விளையாட்டு வீரர்களுக்கே இந்த கதி உண்டு. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி விடுமுறை முடிந்து திரும்பியதும், பாரத்தோடு 100 பஸ்கி எடுக்கச் சொன்னார்கள். 13 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். தசை சிதைந்து அதிலிருப்பது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் படுத்தும் ராப்டோமயோலிசிஸ் என்கிற சங்கதி. இருபது வயசுக் காளைகள், மூன்று வார லீவுதான் விட்டிருந்தார்கள். நமக்கு வயசு நாற்பத்தைந்து, லீவு இரண்டு வருஷம். (பயிற்சிக்குப் பிறகு தசை கல்லாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.)

ஏன் இப்படி ஆகிறது என்பதில்தான் சுவாரஸ்யம். தசைக்கு ஞாபகம் உண்டு. 2010-ல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், உழைத்து வளர்ந்த தசையில் கூடுதலாகச் சேர்ந்த உட்கருக்கள், பிறகு அந்தத் தசை இளைத்தபோதும் மாசக்கணக்கில் அங்கேயே இருந்தன. மனிதரிலும் அப்படியேவா என்பதில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. ஆனால் விட்டவர்களுக்குப் பலம் வேகமாகத் திரும்புகிறது என்பதில் சந்தேகமில்லை. பின்லாந்தில் 2024-ல் வந்த ஆய்வில், இருபது வாரம் இடைவிடாமல் பயிற்சி செய்தவர்களும், பத்து வாரம் செய்து, பத்து வாரம் சும்மா இருந்து, மறுபடி பத்து வாரம் செய்தவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள். "எல்லாம் போச்சே" என்று ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

வில்லங்கம் எங்கே என்றால், தசை ஓடுகிற வேகத்துக்குத் தசைநாண் ஓடாது. தசையை எலும்போடு கட்டிப் போட்டிருக்கும் கயிறு அது. கோபன்ஹேகனில் 2013-ல் குதிகால் நாணை ஆராய்ந்தவர்கள் ஒரு விசித்திரமான அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது அறுபதுகளின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14, அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடம்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். அந்த நாணின் நடுப்பகுதி 17 வயசு வாக்கில் உருவாகி முடிந்து, அதற்கப்புறம் கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. நாண் பலமே ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆகும், மெதுவாக, மாசக்கணக்கில். மூன்றாவது வாரம் தசை "நான் ரெடி, ஏத்து" என்று குதிக்கும்போது நாண் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். திரும்பி வருகிறவர்கள் அடிபடுவது முதல் நாளில் அதிகமில்லை, நாலாவது ஐந்தாவது வாரத்தில்தான் என்பது என்னைச் சுற்றி நான் பார்த்தது.

சரி, எப்படித் திரும்புவது? அயோவா மாதிரி விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கங்கள் இரண்டு சேர்ந்து 2019-ல் ஒரு கணக்குச் சொல்லின. விடுப்பு முடிந்து வந்த முதல் வாரம் வழக்கமான அளவில் 50 சதம் குறை, இரண்டாவது வாரம் 30, மூன்றாவது 20, நாலாவது 10. அது கல்லூரி வீரர்களுக்கு. நமக்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் கொடுக்கலாம் என்பது என் கட்சி. மொத்தம் மூன்று மாசம். எனக்கு எந்தப் போட்டியும் இல்லை, யாருக்கும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை, மூன்று மாசம் என்ன, ஒரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஓடிவிடும்.

தொடக்கத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். சுவர் இருக்கிறதல்லவா? அதில் கையை ஊன்றித் தண்டால். சுவரில் 15 எடுப்பது சுலபமாகிவிட்டால் கிச்சன் மேடை. அதற்கப்புறம் கட்டில் விளிம்பு. கடைசியாகத்தான் தரை. சுவரிலிருந்து தரைக்கு வர எனக்குப் பதினோரு வாரம் பிடித்தது. (மேடையில் தண்டால் எடுக்கும்போது தோசை வார்த்துக்கொண்டிருப்பவர் மனநிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.) தோள் அடிபட்டவர்கள் முழங்கையைப் பக்கவாட்டில் விரிக்காமல் விலாவை ஒட்டி வைத்தால் தோளுக்கு நிம்மதி.

காலுக்கு நாற்காலி பஸ்கி. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது, அவ்வளவுதான். எழும்போது ஒரு வேகம், உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. நாற்காலியிலிருந்து முக்காலி, முக்காலியிலிருந்து சும்மா. நம் ஊரில் தண்டால், பஸ்கி என்பதை இங்கே "ஜோர் பைட்டக்" என்பார்கள். புனேயின் பழைய பேட்டைகளில் இன்னும் தாலீம்கள் இருக்கின்றன, குஸ்திக்காரர்களின் களரி மாதிரி. அங்கே புதுப் பையனை முதல் நாளே கட்டாந்தரையில் தூக்கிப் போட மாட்டார்கள், எண்ணிக்கையை மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். அந்தப் பொறுமை ஏசி ஜிம்முக்கு வந்ததும் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

முதுகுக்கு ஒரு ரப்பர் பட்டை போதும். கதவுக் கொண்டியில் மாட்டி (கதவு உங்கள் பக்கம் திறக்காத பக்கமாக நில்லுங்கள், மூக்கு முக்கியம்) இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டிருக்கும் நமக்குத் தள்ளுவதைவிட இழுப்பதுதான் அதிகம் தேவை. பிறகு குனிந்து நிமிர்வது. இடுப்புக்காரர்கள் இதைத்தான் பேயாகப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆனால் இதைத்தான் பழக வேண்டும். முதுகில் ஒரு மாப் குச்சியை நெடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். தலை, மேல் முதுகு, வால் எலும்பு மூன்றும் குச்சியைத் தொட்டபடியே, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். இரண்டு வாரம் வெறும் குச்சி. பிறகு கையில் 5 கிலோ அரிசிப் பை. சிலிண்டரை நகர்த்துவதும் இதே அசைவுதான். கடைசியாக, இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டில் பைகளை எடுத்துக்கொண்டு ஹாலில் நிமிர்ந்து நடப்பது. பார்க்க மார்க்கெட்டிலிருந்து வருகிற மாதிரி இருக்கும், வேலை வாங்குவது தெரியாது.

இந்தச் சின்ன எடையெல்லாம் போதுமா என்று கேட்பவர்களுக்கு: கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-ல் வந்த ஆய்வில், ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்சத்தில் வெறும் 30 சதத்தை வைத்து இனி முடியாது என்கிற வரை தூக்கினவர்களுக்கும், 80 சதம் தூக்கினவர்களுக்கும் தசை ஒரே மாதிரிதான் வளர்ந்தது. அதிகபட்ச பலம் வேண்டுமென்றால் ஒருநாள் கனமானதற்கு வரத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வருகிறவனுக்கு லேசான எடையும் அதிக எண்ணிக்கையும் போதும். முதல் மூன்று மாசம் "இனி முடியாது" வரைகூடப் போக வேண்டாம், இன்னும் மூன்று நாலு எடுக்கலாம் என்கிற இடத்தில் வைத்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் அளந்து பார்த்து, கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

வலித்தால்? இதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். வலித்தால் நிறுத்து என்பது ஒரு கட்சி, வலித்தால்தான் வளரும் என்பது இன்னொரு கட்சி. எனக்கு உதவியது ஸ்வீடன்காரர்கள் குதிகால் நாண் நோயாளிகளுக்குப் பயன்படுத்திய வழி. வலிக்குப் பத்துக்கு மார்க் போடு. செய்யும்போது ஐந்து வரை போகலாம், ஆனால் மறுநாள் காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறவும் கூடாது. ஐந்து எனக்குத் தைரியம் போதவில்லை, மூன்றிலேயே கோடு போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது தோளுக்கு மார்க் போடுவேன். ஏறியிருந்தால் அடுத்த முறை எடையைப் பாதியாக்குவேன், நிறுத்துவதில்லை. சதை முழுக்கப் பரவலாக ஒரு அசதி வலி இருந்தால் அது வேறு, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், மூட்டுக்குப் பக்கத்தில் சுருக்கென்று குத்தினால் அதற்குத்தான் மார்க்.

மார்க் போட்டுக்கொண்டிருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்துப் போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது: அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு அல்லது காரணமில்லாத எடைக்குறைவோடு வரும் முதுகு வலி, பயிற்சியில் நெஞ்சு அடைப்பது, அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போவது, இவற்றுக்கும் டாக்டர்தான். ஆபரேஷன் ஆனவர்கள் செய்தவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். இங்கே நான் வாதாடுவது "ஆயுசுக்கும் தூக்காதே" என்கிற வாக்கியத்தோடு மட்டும்தான், டாக்டர்களோடு இல்லை.

சாப்பாடு பற்றி நிறைய எழுதலாம், எழுதப் போவதில்லை. ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்ன அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், 70 கிலோ ஆசாமிக்கு 58 கிராம். நம் இட்லி, சாம்பார், ரசம், தயிர் சாதத்தைக் கூட்டிப் பாருங்கள், உதைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம், காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராமை ஊறப்போட்டுச் சுண்டல் செய்தால் 10 கிராம் போல. நவராத்திரி ஒன்பது நாளோடு சுண்டலை நிறுத்தியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் ஆண்களுக்கான பேச்சாகவே வைத்திருப்பதும் தப்பு. வீட்டில் நாளைக்கு நாலு முறை குக்கரும், ஈரத் துணி வாளியும், குழந்தையும் தூக்குவது யார்? மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைவதும் அவர்களுக்குத்தான். சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகிப் போவது மற்றவர்களைவிட அதிகம், அது ஆண் பெண் பார்ப்பதில்லை. தங்கமணி முதலில் "எனக்கு வீட்டு வேலையே எக்சர்சைஸ்" என்றார். வீட்டு வேலை தினமும் அதே எடை, அதே பக்கம், படிப்படியாக ஏறுவதில்லை என்று நான் சொன்ன லாஜிக் எடுபடவில்லை. பையன் கிச்சன் மேடையில் தண்டால் எடுத்து 20-ஐத் தொட்டதும் ரோஷம் வந்துவிட்டது. இப்போது ரப்பர் பட்டைக்கு வீட்டில் க்யூ.

அம்மாவுக்கு 71. மழை நின்றதும் வந்திருக்கிறார், பொங்கல் வரை இருப்பார். வயதானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வாரம் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துச் சொல்கிறது என்பதால், சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து எண்ணுவதும் நாற்காலி பஸ்கியும் ஆரம்பித்தாயிற்று. "நான் என்னப்பா குஸ்திக்கா போகப் போறேன்?" என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பல். முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி 4 எடுத்தார். நேற்று ஒரு தலையணையை எடுத்துவிட்டு 6.